அம்மா கேட்ட காற்று

நிலாவில் வீசும் காற்றுக்கு ஒலி கொடுப்பது என் வேலை.

பழவேற்காட்டுக்குப் போகும் வழியில் ஒரு சவுக்குத் தோப்பில் பதிவு செய்த காற்று அது. வேகத்தைக் குறைத்து, அடியில் லேசான முனகலைச் சேர்த்து, ஏழாண்டுகளாக ஒவ்வொரு மாலையும் அதைத் தமிழ் வீடுகளுக்குள் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நிலாவில் காற்று கிடையாது என்பது எனக்குத் தெரியும். எங்கள் தொலைக்காட்சியில் வேலை செய்யும் எல்லாருக்கும் தெரியும். பார்ப்பவர்களிலும் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூடத்தில் படித்தது மங்கலாகவாவது நினைவிருக்கும். ஆனாலும் காற்றில்லாத நிலாவை அவர்களால் நம்ப முடியவில்லை.

நிலாவின் தென்துருவத்தில் நிலையம் அமைந்தபோது, வெளிப்புறக் கேமராக்கள் எல்லாவற்றையும் எங்கள் நிறுவனமே விலைக்கு வாங்கிப் பொருத்தியது. முதலாண்டு உள்ளதை உள்ளபடியே ஒளிபரப்பினோம். கறுத்த வானம், ஒரு நட்சத்திரம்கூட இல்லாமல். வண்டி ஓடினால் சத்தம் இல்லை. சக்கரத்திலிருந்து எழும்பிய தூசி மிதக்காமல் கல்லைப் போல விழுந்தது. பூமி காலையில் உதிக்கவுமில்லை, மாலையில் மறையவுமில்லை. அடிவானத்தில் ஆணியடித்து மாட்டியதைப் போல ஒரே பக்கத்தில் நின்றது.

ஜனங்கள் சிரித்தார்கள். சாலிகிராமத்தில் ஏதோ சினிமா ஸ்டுடியோவில் செட் போட்டு எடுத்திருக்கிறார்கள் என்றார்கள். செட் போட்டவனுக்கு நாலு நட்சத்திரம் ஒட்டக்கூடத் துப்பில்லையா என்று கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பிறந்ததிலிருந்து தொலைக்காட்சி அவர்களுக்கு ஒரு விண்வெளியைக் காட்டியிருந்தது. அங்கே கப்பல்கள் உறுமின. விண்கற்கள் கோயம்பேட்டுப் பேருந்துகளைப் போல இடித்துக்கொண்டு பறந்தன. வெடித்தால் காது அடைத்தது. அந்த விண்வெளியோடு வளர்ந்தவர்களின் வீட்டு வாசலில் உண்மையான நிலா வந்து நின்றபோது, அது ஆள்மாறாட்டம் செய்ய வந்தவனைப் போலத் தெரிந்தது.

அப்போதுதான் எங்கள் நிகழ்ச்சித் தலைவர் பிரியம்வதா 'ஒப்பனை'யைக் கொண்டுவந்தார். நிலாவிலிருந்து வரும் படத்தை, வந்த கணத்திலேயே மாற்றித் தரும் ஏற்பாடு. வானத்தில் நட்சத்திரம் தெளிக்கும். தூசியைப் புகையாக மிதக்க விடும். பூமியைக் கடலிலிருந்து சூரியன் எழுவது போல எழுப்பும். ஒலிக்கு நான். மூன்று மாதத்தில் ஜனங்கள் திரும்பி வந்தார்கள். இப்போதுதான் நிஜமாகவே நிலாவைக் காட்டுகிறார்கள் என்றார்கள்.

நான் இயல்பில் அதிகம் பேசாதவன். மௌனத்தை விரும்புகிறவனுக்கு உலகத்திலேயே பெரிய மௌனத்தின் மேல் சத்தம் பூசும் வேலை கிடைத்ததை நினைத்து சில நாட்கள் மணிக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருப்பேன். அந்த வேலையிலும் எனக்கென்று ஒரு சந்தோஷம் இருந்தது. அதன் பெயர் ஜெசிந்தா.

ஜெசிந்தா பர்னாந்து தூத்துக்குடிக்காரி. நிலையத்தில் இருந்த மூவரில் ஒருத்தி, பாறையைத் துளைத்துப் பனிக்கட்டி எடுக்கிறவள். தினமும் ஏழு மணிக்கு அவள் பேசும் 'நிலாவிலிருந்து ஜெசிந்தா'தான் எங்கள் நிகழ்ச்சி. ஒளிபரப்புக்கு முன் ஒலியைச் சரிபார்க்க அவளோடு கொஞ்ச நேரம் பேசுவேன். நான் கேட்பது அவளிடம் போய்ச் சேர்ந்து, அவள் பதில் என்னிடம் வர, ஒரு நிதானமான மூச்சு இழுத்துவிடும் நேரம் ஆகும். ஒளியாலேயே அதைவிட வேகமாக வர முடியாது. அந்த இடைவெளியை நான் மிகவும் நேசித்தேன். ஒளிபரப்பில் அதை வெட்டி எறிந்துவிடுவோம். பார்ப்பவர்கள் லைன் சரியில்லை என்று நினைத்துவிடுவார்களாம்.

ஒருநாள் அவள் எடுத்ததுமே கேட்டாள்.

"ஏண்ணே, என் பேச்சுக்கு நடுவுல ஊஊன்னு காத்துச் சத்தம் போடுதியளாமே?"

"யாரு சொன்னா?"

இடைவெளி. பிறகு அவள் சிரிப்பு.

"எங்கம்மா. போன் போட்டு ஒரே ஏச்சு. 'அங்க அந்தக் காத்து அடிக்கி, நீ சால்வை கூடப் போத்தாம நிக்கியேட்டி'ன்னு. காத்தே கெடையாதும்மான்னா, 'எனக்குக் காது இல்லையா'ங்கா. போன அமாவாசைக்கு என்ன சொன்னா தெரியுமா? 'இன்னைக்கு இருட்டா இருக்கும், வெளிய போயிராத'ன்னுட்டா."

"நீ எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"சொன்னேம்ணே. இங்கன தரை வெயில்ல பளபளன்னு இருக்கு, கேமரா அந்த வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கிடும், அதான் மங்கலான நட்சத்திரம் படத்துல விழாதுன்னு. சத்தம் வரக் காத்து வேணும்னு. எல்லாம் கேட்டுட்டு, 'நீ பயப்படக் கூடாதுன்னு உன் மேலதிகாரி பொய் சொல்லுதாரு'ங்கா. பெத்த மக நான் சொல்லுததைவிட டிவி சொல்லுததுதான் அவளுக்கு நெசம். என்னத்தச் செய்ய? நெசமாவே ஒரு சால்வை போத்திக்கிட்டுப் பேசிறவா இன்னைக்கு?"

அன்று அவள் கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டுதான் பேசினாள். தூத்துக்குடியில் ஒரு தாய் நிம்மதியடைந்திருப்பாள். இல்லாத காற்றுக்காக ஒரு துண்டு. இந்தப் பெண்ணின் மனசு எவ்வளவு பெரியது என்று அன்றிரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் வியந்து பார்த்த இன்னொருத்தி எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். மங்கை. குடியாத்தத்துப் பெண், இயற்பியல் படித்தவள், வாய் ஓயாதவள். யாராவது என்ன வேலை என்று கேட்டால், "நிலாவுக்குப் பவுடர் போடறேன்" என்பாள். அவள் மேசையில் இரண்டு திரைகள். இடது பக்கம் வந்தபடியே வரும் நிலா. வலது பக்கம் ஒப்பனை முடிந்த நிலா. படத்தில் எங்கே தூசி அசைந்தாலும் மென்பொருள் அதைச் சுற்றி ஒரு பச்சை வட்டம் போடும். அவள் சரி என்றால் அந்தத் தூசி புகையாக மாறும். தவறாகப் போட்ட வட்டத்தை விரலால் தட்டி அழித்துவிடுவாள்.

இடது திரையின் படத்தை நாங்கள் சேமிப்பதில்லை. வெளியே அனுப்ப வழியும் வைக்கவில்லை. கசிந்தால் மானம் போய்விடும் என்ற பயம். நிலையத்தைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு மையத்தின் சுவரில் ஓடியதுகூட எங்கள் ஒளிபரப்புத்தான். அங்கே பணியில் இருக்கும் அன்வர் என்ற பொறியாளர் என்னோடு பேசும்போதெல்லாம், "சார், உங்க நிலாவுல மழை எப்ப?" என்று கேட்பார்.

அந்தச் சனிக்கிழமை ஜெசிந்தாவுக்கு ஓய்வு. மற்ற இருவரும் பனிக்கட்டியை ஏற்றிக்கொண்டு வண்டியில் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அதைத்தான் நேரலையில் காட்டிக்கொண்டிருந்தோம். வண்டிக்குப் பின்னால் அழகான புகைமண்டலம். மேலே நட்சத்திரங்கள். என் சவுக்குத் தோப்புக் காற்று.

"தணிகை சார், இங்க கொஞ்சம் வாங்களேன்."

மங்கையின் குரலில் வழக்கமான கேலி இல்லை. எழுந்து போனேன்.

"வண்டி எங்க இருக்கு பாருங்க. மேட்டுகிட்ட. ஆனா இந்தச் சுவரோரமா ஒரு வட்டம் போடுது. ரெண்டு வாட்டி அழிச்சேன். திரும்பப் போடுது."

"மென்பொருள்ல ஏதாவது கோளாறா இருக்கும்."

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன். இடது பக்கம் பாருங்க."

பார்த்தேன். நிலையத்தின் சுவர்களைச் சுற்றி மண்மூட்டைகளை அடுக்கியிருப்பார்கள். இரண்டு மூட்டைகளுக்கு நடுவிலிருந்து, வெயிலில் மினுங்கியபடி, மெல்லிய விசிறி போலத் தூசி எழுந்துகொண்டிருந்தது. எனக்கு அதில் விசேஷமாக ஒன்றும் படவில்லை. தூசி என்றால் எழத்தானே செய்யும்.

"என்னா சார் பேசாம நிக்கறீங்க? வண்டித் தூசியப் பாருங்க. மேல போகுது, வளையுது, விழுந்துடுது. முடிஞ்சுது. இது மட்டும் விழ விழ எழும்பிக்கினே இருக்கு. சக்கரம் இல்ல, ஆள் இல்ல. யாரு எழுப்பறாங்க?"

என் காதுகளில் சவுக்குத் தோப்புக் காற்று ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் எனக்குப் புரிய நேரமானது. ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"காத்து" என்றேன்.

"ம். உள்ள இருக்கற காத்து. செவுரு மூச்சு விடுது சார்."

"அந்தச் சுவருக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"பட்டறை."

இருவருமே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஜெசிந்தா எங்கே தூங்குவாள் என்று தமிழ்நாட்டுக்கே தெரியும். மற்ற இருவரின் குறட்டையைத் தாங்க முடியாமல் பட்டறைக்குள் படுக்கையைக் கொண்டுபோய்ப் போட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள் என்பதை நிகழ்ச்சியிலேயே சொல்லியிருந்தாள். "நிலாவுல சத்தமே இல்லன்னு எவன் சொன்னான்?" என்று அவள் கேட்டது பல நாள் எல்லார் வாயிலும் இருந்தது.

அன்வரை அழைத்தேன். சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் எதையோ தட்டிப் பார்த்தார்.

"பட்டறையில காத்தழுத்தம் சரியா இருக்கு சார். ஒரு மாத்தமும் இல்ல."

மங்கை என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "குறைய குறைய தொட்டியிலேர்ந்து தானா நெரம்பும் இல்ல சார்? தொட்டி என்னா காட்டுது?"

"தொட்டி குறைச்சலாத்தான் காட்டுது. அது குளிர்ல எப்பவுமே குறைச்சுத்தான் காட்டும். அதை நாங்க கணக்குலயே எடுக்கிறதில்ல."

"அப்ப நெஜமாவே குறைஞ்சா எப்பிடித் தெரியும்?"

அன்வர் மறுபடியும் எதையோ தட்டிப் பார்த்தார்.

"நான் போன்ல படம் எடுத்து அனுப்பறேன், பாருங்க" என்று அனுப்பினாள். படத்தைப் பார்த்துவிட்டு அவர் பேசினார். குரலில் கோபம் இல்லை. சொல்லப்போனால் வருத்தம்தான் இருந்தது.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. தூசி தெரியுது. ஆனா உங்க ஆபீஸ்ல தூசி வரையறதுக்குன்னே சம்பளம் குடுக்கிறாங்க. என் சுவத்துல ஏழு வருஷமா தினமும் தூசி மிதக்குது. இதை மட்டும் எதை வெச்சு நம்பறது? அவ உள்ள தூங்கறப்ப பட்டறையோட காத்து லைனை நான் மூடினா, அவளை நானே மூச்சடைச்சுக் கொன்னதாயிடும்."

"எழுப்பியாவது விடுங்களேன்!"

"பட்டறைக்குள்ள பேச்சு லைன் கிடையாது, அலாரம்தான் வழி. அது அடிச்சா நிலையத்தோட வெளிக்கதவெல்லாம் பூட்டிக்கும். வண்டி உள்ள வர முடியாது. அவங்ககிட்ட காத்து கொஞ்சம்தான் மிச்சம். காரணம் இல்லாம செய்ய முடியாதும்மா. ஒப்பனை இல்லாம முழுசா எனக்குக் காட்டுங்க. அப்ப சொல்றேன்."

முழுசாகக் காட்ட ஒரே வழிதான் இருந்தது. எங்கள் ஒளிபரப்பு.

பிரியம்வதா அதற்குள் பின்னால் வந்து நின்றிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. ஒப்பனையைக் கண்டுபிடித்தவர் அவர்தான். அதை நேரலையில் கழற்றினால் ஏழு வருடப் பொய் லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே நேரத்தில் அம்மணமாகும். அவர் உத்தியோகம் போகும். எங்கள் எல்லாருடையதும் போகலாம். கேமராக்களுக்குப் பணம் கொடுப்பவர்கள் வழக்குப் போடலாம்.

அவர் யோசித்தது ரொம்ப நேரம் என்று சொல்ல முடியாது. பூமியிலிருந்து ஒரு கேள்வி நிலாவுக்குப் போய் வரும் நேரம்தான் இருக்கும்.

"எடுத்துடு மங்கை" என்றார்.

மங்கை ஒப்பனையை அணைத்தாள். நட்சத்திரங்கள் மறைந்தன. பூமி குதித்துத் தன் பழைய இடத்துக்குப் போய் நின்றது. வண்டியின் பின்னால் இருந்த புகை அப்படியே காணாமல்போய், குட்டி வளைவுகளாகத் தூசி எழுந்து விழுந்தது.

"அன்வர், பாக்குறீங்களா?" என்று கேட்டேன்.

"பாக்குறேன்... எங்க சார்? சுவரோரமா கொஞ்சம் பறக்குது. காத்துல பறக்குற மாதிரி..." என்று சொல்லிக்கொண்டே போனவர் நிறுத்திக்கொண்டார். அவர் அறையில் எங்கள் ஒளிபரப்பின் ஒலியும் ஓடிக்கொண்டிருந்தது. ஊஊ என்று என் காற்று.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்தச் சத்தம் இருக்கிற வரை, சுவரோரம் தூசி பறப்பது எந்தக் கண்ணுக்கும் தப்பாகத் தெரியாது. படித்தவர் கண்ணுக்கும் தெரியாது. காற்று கேட்கிறது, தூசி பறக்கிறது, அவ்வளவுதான்.

ஒலியைக் கீழே இறக்கினேன். முழுவதுமாக.

ஒலி நின்றால் கோளாறு என்று நினைத்து எங்கள் இயந்திரம் தானாகவே விளம்பரத்துக்குத் தாவிவிடும். தெரிந்தேதான் நிறுத்தியிருக்கிறோம் என்று அதற்குச் சொல்ல ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. விடாமல் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அதை யாரும் அழுத்தி நான் பார்த்ததில்லை. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

எத்தனையோ மௌனங்களில் இருந்திருக்கிறேன். அதைப் போன்ற ஒன்றில் இருந்ததில்லை. திரையில் கறுப்பு வானம். அதன் கீழே சுண்ணாம்பு வெளுப்பாக நிலம். வண்டி சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. அதன் தூசி விழுந்தது. விழுந்தது. விழுந்தது. சுவரோரத் தூசி மட்டும் எழுந்துகொண்டே இருந்தது. இப்போது அது ஒரு கூச்சலைப் போலத் தெரிந்தது. லட்சக்கணக்கான வீடுகளில் இட்லி மாவு அரைக்கும் சத்தமும் பிள்ளைகளின் சண்டையும் தவிர வேறெதுவும் கேட்காமல் இந்த நிலா தெரிந்துகொண்டிருக்கும் என்று நினைத்தேன். எவ்வளவு அழகாக இருந்தது! அந்த நேரத்தில் அப்படித் தோன்றியது எனக்கே விநோதமாகத்தான் இருந்தது. ஆனால் தோன்றியது.

"யா அல்லாஹ்" என்றார் அன்வர். "பாத்துட்டேன் சார்."

போனில் நாற்காலி தள்ளப்படும் ஓசை. யாரையோ கத்திக் கூப்பிட்டார். அலாரம் என்றார். வண்டியை நிற்கச் சொல்லுங்கள் என்றார். அப்புறம் எங்களோடு பேச அவருக்கு நேரமில்லை.

நாங்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே ஒன்றும் கேட்காது. அலாரம் அடித்தாலும் கேட்காது, ஒருத்தி அலறினாலும் கேட்காது. வண்டி நின்றது. பட்டறையின் சின்னக் கண்ணாடியில் விளக்கு எரிந்தது. "எந்திரிச்சுட்டா" என்றாள் மங்கை. அவள் கை என் தோளில் இருந்தது.

பிறகு, எழுந்துகொண்டிருந்த தூசி தளர்ந்தது. விசிறி சுருங்கியது. கடைசித் துகள்கள் விழுந்து, சுவரோரம் அசைவற்றுப் போனது.

"நின்னுடுச்சு" என்றார் பிரியம்வதா. "நல்லதுதானே? மங்கை, நல்லதுதானே?"

மங்கை பட்டறையின் கண்ணாடியையே உற்றுப் பார்த்தாள். எனக்கும் தெரிந்திருந்தது. அவள் வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகு காற்று லைனை அன்வர் மூடியிருந்தால் தூசி நிற்கும். தொட்டி தீர்ந்து, உள்ளே காற்றே இல்லாமல் போயிருந்தாலும் நிற்கும். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுதான்.

நிகழ்ச்சிக்கான பேச்சு லைனை அன்வர் எந்த நேரத்தில் எங்களுக்குத் திறந்துவிட்டார் என்று தெரியவில்லை. என் மேசையில் அதன் விளக்கு எரிந்தது. ஒரு கை பொத்தானில் இருக்க, மறு கையால் திறந்தேன்.

"ஜெசிந்தா."

மூச்சை இழுத்தேன். விட்டேன். பதில் வந்திருக்க வேண்டிய நேரம் கடந்தது. இன்னொரு மூச்சு. பிரியம்வதா திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். நான் நேசித்த இடைவெளி அது. அது முடியவே முடியாதோ என்று அன்றைக்குத்தான் பயந்தேன்.

"ஜெசிந்தா, தணிகை பேசறேன்மா."

மறுபடியும் ஒன்றுமில்லை. பிறகு மூச்சிரைப்பு. இருமல்.

"ஏண்ணே... ஓய்வு நாள்ல கூட ஒரு மனுசிய தூங்க விடமாட்டியளா?"

மங்கை தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அப்போதுதான் கவனித்தேன். என் கட்டைவிரல் மரத்துப்போய் இன்னும் பொத்தானிலேயே இருந்தது.

வண்டியில் இருந்த இருவரும் காற்று தீருமுன் பத்திரமாக உள்ளே போய்ச் சேர்ந்தார்கள். மறுநாள் ஒப்பனை திரும்பி வந்தது. கட்டுப்பாட்டு மையம் சிறு பழுது, சரிசெய்யப்பட்டது என்று ஒற்றை வரியில் அறிக்கை கொடுத்தது. எங்கள் நிர்வாகமும் அதற்கு மேல் யாரும் வாய் திறக்கக் கூடாது என்றது. திறந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. ஜனங்கள் அதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஒப்பனை இல்லாத அந்த நேரத்தில் நட்சத்திரங்கள் அணைந்ததைப் பார்த்தவர்கள், சாலிகிராமத்தில் மின்சாரம் போய் செட் தெரிந்துவிட்டது என்றார்கள். நாங்கள் ஏழு வருடத்தில் காட்டிய ஒரே உண்மைதான் எங்கள் பொய்க்கு அத்தாட்சியாகிவிட்டது.

ஆனாலும் ஒன்று நடந்தது. அந்த மௌனத்தின்போது யாரும் வேறு சேனலுக்கு மாறவில்லை என்று கணக்குகள் சொல்லின. பிரியம்வதா அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மேலிடத்தில் சண்டை போட்டார். தினமும் நிகழ்ச்சியின் முடிவில் கொஞ்ச நேரம் ஒப்பனையும் ஒலியும் இல்லாத நிலாவைக் காட்ட அனுமதி வாங்கினார். சட்டப் பிரிவு ஒரே ஒரு நிபந்தனை போட்டது. பார்ப்பவர்கள் குழம்பக் கூடாது என்பதால், அந்த நேரத்தில் மட்டும் திரையின் அடியில் 'இது சித்தரிக்கப்பட்ட காட்சி' என்று எழுத்து ஓட வேண்டும்.

அந்த எழுத்தை மங்கைதான் பொருத்தினாள். பொருத்தும்போது விழுந்து விழுந்து சிரித்தாள். "விடுங்க சார். போர்டு என்னாவோ இருந்துட்டுப் போவுது. கடையில சரக்கு நல்ல சரக்கு" என்றாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. தினமும் அந்த நேரத்துக்காகக் காத்திருந்து, பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தூசி விழுவதைப் பார்க்கிறேன்.

ஜெசிந்தா என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. "அம்மாட்ட மட்டும் சொல்லிராதிய. அடுத்த வருசம் இறங்கி வந்து நானே சொல்லிக்கிடுதேன்."

போன வாரம் எனக்கு ஒரு போன் வந்தது.

"தம்பி, நான் ஜெசிந்தா அம்மா பேசுதேன். தூத்துக்குடியில இருந்து. சத்தம் போடுத தம்பி நீங்கதானாமே?"

"ஆமாம்மா. சொல்லுங்க."

"ஒண்ணுமில்லய்யா. ஒரு நன்றி சொல்லணும்னு இருந்தேன். எம்புள்ள அங்க போன நாள்ல இருந்து அந்தக் காத்து இரைச்சல் கேட்டுக் கேட்டு எனக்கு உறக்கமே கெடையாது. குளுருமே, சுகமில்லாமப் போயிருமேன்னு. இடையில ஒரு சனிக்கிழமை, திடீர்னு காத்து நின்னுச்சு பாருங்க. அப்பிடியே கோயிலுக்குள்ள இருக்க மாதிரி அமைதி. பக்கத்து வீட்டுக்காரி டிவி ரிப்பேருன்னா. எனக்குத் தெரியும், அது ரிப்பேரு இல்ல, காத்து நின்னுட்டு. அன்னைக்கு ஒருநாத்தான்யா நான் நிம்மதியா உறங்குனேன். எம்புள்ளையும் அன்னைக்கு நல்லா உறங்கியிருப்பா, இல்லய்யா?"

அந்த ஒருநாள்தான் நிலாவில் காற்று அடித்தது. மனிதர்கள் கொண்டுபோன காற்று, ஒரு சுவரின் இடுக்கு வழியாக, தூசியை வாரி இறைத்துக்கொண்டு, அவள் மகளின் உயிரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வெளியே அடித்தது. சொல்வதற்கு எல்லாமே என் நாக்கின் நுனியில் இருந்தது. மகளுக்குக் கொடுத்த வாக்கும் அங்கேயே இருந்தது. போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மறுமுனையில் அந்த அம்மா பொறுமையாகக் காத்திருந்தார்கள். நிலாவோடு பேசிப் பழகியவர்களின் பொறுமை. கடைசியில் சந்தேகத்தோடு கேட்டார்கள்.

"ஏன் தம்பி, பதில் வர இம்புட்டு நேரமாவுது? நீங்களும் அங்கன இருந்தா பேசுதிய?"